கணக்கின் இருபுறமும் நின்றவர்

பொருள் வரும் வழிகளை உண்டாக்குதல், வந்ததைத் தொகுத்தல், தொகுத்ததைக் காத்தல், காத்ததைப் பகுத்தளித்தல் என்னும் நான்கினையும் ஆள்வோரின் கடனாக நம் முன்னோர் விதித்தனர். இவற்றுள் அரியது இறுதியில் நின்ற பகுத்தளித்தலே என்பதை மாணாக்கர்க்கு விளக்கப் புகும்போதெல்லாம் என் நினைவில் எழுபவர் பண்டை மன்னர் எவருமல்லர். இலங்கையின் நிதி அமைச்சராக இருமுறை அமர்ந்த கலாநிதி என். எம். பெரேரா அவர்களே.

1905ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள் கொழும்பிலே பிறந்த அவர், ஆனந்தாக் கல்லூரியிற் பயின்று, பின்னர் இலண்டன் பொருளியற் கல்லூரியிலே பேராசிரியர் ஹரோல்ட் லாஸ்கியின் மாணாக்கரானார். கற்ற கல்வி அவரை உயர்பதவியில் இருத்திவிடவில்லை. 1934, 35ஆம் ஆண்டுகளில் மலேரியாக் காய்ச்சல் நாட்டைச் சூறையாடியபோது, கேகாலைப் பகுதிக் கிராமங்களில் மருந்தும் பருப்பும் சுமந்து சென்று ஏழைகளின் உயிர் காத்தார். 1935 டிசம்பரிலே தோழர்களோடு இலங்கைச் சமசமாசக் கட்சியைத் தோற்றுவித்தார். மறு ஆண்டே ருவன்வெல்லைத் தொகுதியின் சார்பில் அரசாங்க சபை புகுந்தார்.

மலையகத்தோடு அவர்க்குள்ள தொடர்பும் பழையது. 1939, 40ஆம் ஆண்டுகளிலே தோட்டங்களில் மூண்ட வேலைநிறுத்தங்கள் பலவற்றுக்கு அவர்தம் கட்சியினரே துணை நின்றனர். முல்லோயாத் தோட்டத்திலே கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் குண்டுக்கு இரையானதும் அப்போதுதான். 1940இல் சிறைப்பட்ட பெரேரா, 1942 ஏப்ரிலில் தோழரோடு கண்டிப் போகம்பரைச் சிறையினின்றும் தப்பி இந்தியா சென்று, அங்கும் சிறைப்பட்டார். 1948இல் தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கிய பிரசாவுரிமைச் சட்டம் வந்தபோது, பாராளுமன்றத்தில் அதனை எதிர்த்து நின்றவருள் அவரும் ஒருவர்.

1953ஆம் ஆண்டு அவர் வாழ்விலே ஒரு திருப்பம். கொரியப் போரால் ஏறியிருந்த இறப்பர் விலை சரிந்தது. உலகச் சந்தையிலே அரிசி விலை உயர்ந்தே நின்றது. கூடிய விலைக்கு வாங்கிக் குறைந்த விலைக்கு அரிசி விற்ற அரசின் திறைசேரி தளர்ந்தது. அப்போதைய நிதி அமைச்சர் ஜே. ஆர். ஜயவர்த்தனா பங்கீட்டு அரிசியின் விலையைக் கொத்து 25 சதத்தினின்றும் 70 சதமாக உயர்த்தினார். ஆகஸ்டு 12இல் நாடெங்கும் ஹர்த்தால் நிகழ்ந்தது. அதனை முன்னின்று நடத்தியோருள் பெரேரா தலையாயவர். உயிர்கள் பலியாயின. பிரதமர் டட்லி சேனநாயக்கா அக்டோபரிலே பதவி துறந்தார். திறைசேரியின் பற்றாக்குறையை ஏழையின் உலைப்பானையால் நிரப்பலாகாது என்பதே அன்று பெரேராவின் வாதம்.

காலம் அவரைக் கணக்கின் மறுபுறத்தில் நிறுத்தியது. 1964இல் சில மாதங்கள் நிதி அமைச்சராயிருந்த அவர், 1970இல் மீண்டும் அப்பதவி ஏற்றார். இப்போது அரிசிக்குப் பணம் தேட வேண்டியவர் அவரே. அப்பணத்திற் பெரும்பகுதி தேயிலையிலிருந்து வந்தது. ஏற்றுமதித் தீர்வை ஒருபுறம். டட்லி அரசு 1968இல் ஏற்படுத்திய செலாவணி உரிமைச் சான்றிதழ் முறை மறுபுறம். புதிய ஏற்றுமதிப் பொருள்களால் அந்நியப் பணம் ஈட்டியோர்க்கு, சட்டப்படியான மாற்று விலை 100 ரூபாயாயின் அதன்மேல் 65 ரூபாய் கூடக் கிடைத்தது; 1972இல் நின்ற அளவு இது. தேயிலைக்கோ அந்த 100 ரூபாயே. தேயிலை ஈட்டிய மலிவான அந்நியப் பணத்தைக் கொண்டே நாட்டுக்கு வேண்டிய அரிசியும் கோதுமை மாவும் வாங்கப்பட்டன. வரியென்று பெயர் பெறாத வரி இது. பெரேரா இதனைத் தொடர்ந்தார். தோட்டத்துக்கு வரவேண்டிய பணம் இவ்வாறு குறைந்தபோது, கூலிக்கும் குடியிருப்புக்கும் மீந்தது சிறிதே.

1973இல் உலகில் எண்ணெய் விலை பன்மடங்காயிற்று. தானிய விலையும் ஏறியது. அரிசி, மா, சீனி ஆகியவற்றின் பங்கீடு சுருங்கியது. 1953இல் பங்கீட்டுக்காகத் தெருவில் இறங்கியவரே அதனைச் சுருக்கும் நிலைக்கு உள்ளானார். கிராமத்தானுக்கு மரவள்ளி நட ஒரு துண்டு நிலமேனும் இருந்தது. லயத்து அறையில் வாழ்ந்தவனுக்கோ நாட்கூலியையும் கூப்பனையும் அன்றி வேறு கதியில்லை. 1974இல் தோட்டப்புறத்து இறப்பு விகிதம் ஏனைய இடங்களைவிட மிக உயர்ந்தது. டயகமையிலும் அயற்றோட்டங்களிலும் முதியோர் அக்காலத்தைப் பஞ்சகாலம் என்றே இன்றும் குறிப்பர். அரிசிக்குப் பணம் ஈட்டித் தந்த கைகளுக்கே அரிசி எட்டாது போயிற்று.

இதற்கு ஒரு மனிதரைக் குற்றஞ்சாட்டுதல் நீதியன்று. உலக விலை அவர் கையில் இல்லை. 1971ஆம் ஆண்டுக் கிளர்ச்சியும் நாட்டை உலுக்கியிருந்தது. அவர் பகைத்தவரும் அவர் நாணயத்தில் ஐயுற்றதில்லை. எனினும் ஒன்று சொல்லாதிருத்தல் இயலாது. அமைச்சரவையில் எவர் குரல் கேட்கிறதோ அவர்க்கே பகுத்தளித்தலில் முதற்பங்கு. தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலோர்க்கு அன்று வாக்கில்லை, ஆகவே குரலுமில்லை.

1975 செப்டெம்பரிலே பெரேரா அமைச்சரவையினின்றும் நீக்கப்பட்டார். 1977இல் தேர்தலிலே தோற்றார். 1979 ஆகஸ்டு 14இல் மறைந்தார்.

2022இல் நாடு கடனிறுக்க இயலாது நின்றது. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி நூற்றுக்குப் பதினெட்டாயிற்று. கொழுந்து கிள்ளும் பெண் கடையில் வாங்கும் பொருளிலும் அவ்வரி கலந்திருக்கிறது. இன்று அவளுக்கு வாக்குண்டு. வரவையும் செலவையும் சரிபார்த்துவிட்ட அளவில் கணக்கு முடிந்ததாகக் கொள்ளாது, கொடுத்தவர் எவர், பெற்றவர் எவர் என்று கேட்கும் அறிவை அவள் பிள்ளைகளுக்கு ஊட்டுதல் ஆசிரியராகிய நம் கடன்.