கடிவாளம் இல்லாத குதிரைகள்

2026 சீனர்களுக்குக் குதிரை ஆண்டு. பன்னிரண்டு விலங்குகள் வரிசையில் குதிரை ஏழாவது. பிடரி பறக்க ஓடி வரும் ஒரு கறுப்பு மைக் குதிரையை, காலண்டரிலோ வாழ்த்து அட்டையிலோ நீங்க எங்கேயாவது பார்த்திருப்பீங்க. அது ஷு பெய்ஹோங் வரைந்ததாகவோ, அவரைப் பார்த்து யாரோ வரைந்ததாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். வேடிக்கை என்னன்னா, அவர் பிறந்த 1895 குதிரை ஆண்டு இல்ல, ஆட்டு ஆண்டு!

ஜியாங்சு மாகாணத்தில் யிஷிங் அவருடைய ஊர். அப்பா தானாகவே ஓவியம் கற்றுக்கொண்டவர்; மகனுக்கு முதல் குருவும் அவர்தான். அப்பா இறந்தபோது ஷுவுக்கு இருபது வயசுகூட ஆகல. குடும்ப பாரம் தலையில். பள்ளிகளில் டிராயிங் சொல்லிக்கொடுத்துச் சமாளித்தார். பிறகு பிழைப்பைத் தேடி ஷாங்காய் போனார்.

சீனாவில் குதிரை ஓவியம் ரொம்பப் பழையது. எட்டாம் நூற்றாண்டிலேயே டாங் வம்சப் பேரரசரின் குதிரைகளை ஹான் கான் வரைந்திருக்கிறார். குதிரைன்னா வேகம், வெற்றி, திறமை. ஆனா பழைய ஓவியத்தைப் பார்த்தே புது ஓவியம் வரையும் பழக்கம் ஊறிப்போயிருந்தது. சீன ஓவியம் நலிந்ததற்கு இந்தக் காப்பியடிப்புதான் காரணம்னு ஷு நம்பினார். நிஜக் குதிரையைப் பார்க்கணும்!

1919-ல் அரசு உதவித்தொகையில் பாரிஸ் போனார். பணம் ஒழுங்கா வராது. செலவு குறைவுன்னு நடுவில் பெர்லினுக்குப் போய், அங்கே உயிரியல் பூங்காவில் சிங்கங்களை வரைந்து பழகினார். குதிரையின் எலும்பு, தசை, மூட்டு எல்லாத்தையும் படித்தார். அவர் போட்ட குதிரை ஸ்கெட்ச்கள் மட்டுமே ஆயிரத்துக்கு மேல். நாம ஒரு மெஷினைக் கழற்றிப் பார்ப்போமே, அந்த மாதிரி.

1927-ல் நாடு திரும்பினார். கையில் சீன பிரஷ், சீன மை. தலைக்குள் ஐரோப்பிய அனாடமி. மார்பின் பளபளப்புக்கு வெள்ளை பெயின்ட் கிடையாது, காகிதத்தையே அப்படியே விட்டுடுவார். ஆனா செசான், மத்தீஸ் போன்றோரின் நவீன ஓவியத்தை அவர் கடைசிவரை ஏத்துக்கல. அந்தப் பிடிவாதத்தை இன்னைக்கும் விமர்சிக்கிறாங்க.

அவருடைய குதிரைகளுக்குச் சேணம், கடிவாளம் இருக்காது. 1931-ல் வரைந்த 'ஜியூஃபாங் காவ்' ஒரு விதிவிலக்கு. அது ஒரு பழைய கதை. அரசருக்காகக் குதிரை தேடிப்போன ஜியூஃபாங் காவ், மஞ்சள் பெண் குதிரை கிடைச்சிருக்குன்னு சொல்கிறார். வந்து நிற்பதோ கறுப்பு ஆண் குதிரை! நிறத்தையும் பாலினத்தையும் கவனிக்காத அவர், உள்ளே இருந்த திறமையை மட்டும் சரியாகக் கண்டுபிடிச்சிருந்தார். அந்தக் கறுப்புக் குதிரைக்கு ஷு கடிவாளம் போட்டார். தன்னைப் புரிஞ்சவருக்கு மட்டும்தான் குதிரை கட்டுப்படும் என்பது அவர் எண்ணம்.

பிறகு ஜப்பானோடு போர். 1939-ல் சிங்கப்பூரில் கண்காட்சி வைத்து, வந்த பணத்தைப் போர் நிவாரணத்துக்குக் கொடுத்தார். தாகூர் அழைக்க சாந்திநிகேதன் வந்தார், அங்கே காந்தியைச் சந்தித்தார். மலையை வெட்டி நகர்த்தும் முட்டாள் கிழவர் கதையை 1940-ல் பெரிய ஓவியமாக்கினார். அதில் மண்வெட்டும் உடல்களுக்கு இந்தியர்களே மாடல். 1941-ல் பினாங்கில் இருந்தபோது சாங்ஷாவில் சண்டை. அந்தக் கவலையோடு பாயும் குதிரை ஒன்றை வரைந்து, கவலையை ஓவியத்திலேயே எழுதியும் வைத்தார். அதிர்ஷ்டத்துக்காகச் சுவரில் மாட்டும் குதிரைக்குப் பின்னால் இப்படி ஒரு போரும் இருக்கு.

உடம்பைப் பார்க்காமல் உழைத்தார். ரத்த அழுத்தமும் சிறுநீரக நோயும் வந்தன. 1950-ல் பெய்ஜிங்கின் மத்திய நுண்கலைக் கழகத்துக்குத் தலைவரானார். 1953-ல் பக்கவாதத்தில் இறந்தபோது வயசு 58. தன்னிடம் இருந்த ஓவியங்களை மனைவி லியாவ் ஜிங்வென் அரசிடமே ஒப்படைத்தார். அடுத்த வருஷம் அவர் வாழ்ந்த வீடே மியூசியம் ஆனது.

இனி அந்தக் குதிரையைப் பார்த்தா, முதல்ல அதோட வாயைப் பாருங்க. கடிவாளம் இருக்கா?