ஐம்பது ரூபாய் நோட்டில் துய்ப்ளே

பழைய நோட்டு சேர்க்கிறவங்களுக்குத் தெரியும், நம்ம புதுச்சேரிக்குன்னு தனி ரூபாய் நோட்டு இருந்தது. 1875-ல் பாரீஸில் தொடங்கிய இந்தோசீனா வங்கி வெளியிட்டது. அதில் 1 ரூபாய், 5 ரூபாய் நோட்டாவது எப்பவாவது கண்ணில் படும். 1930-களில் வந்த 50 ரூபாய் நோட்டு குதிரைக்கொம்பு. அதில் படமா இருக்கிறவர், நாம கடற்கரைச் சாலையில் சிலையாகப் பார்க்கிற அதே துய்ப்ளே.

1697-ல் பிரான்சில், லாந்த்ரெசி என்ற ஊரில் பிறந்தார். இருபதுகளில் புதுச்சேரிக்கு வந்து, அப்புறம் வங்காளத்துச் சந்திரநாகூருக்கு நிர்வாகியாகப் போனார். அங்கே கம்பெனி வேலையோடு சொந்த வியாபாரமும் செய்து நல்லா சம்பாதிச்சார். 1742-ல் புதுச்சேரி கவர்னர்.

1746-ல் பிரெஞ்சுப் படை சென்னையைப் பிடித்தது. 1748-ல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டும் ஒன்றும் நடக்கலை. ஆனா அந்த நேரத்தில்தான் இங்கிருந்த வேதபுரீஸ்வரர் கோயிலை இடிச்சாங்க. ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதி வெச்சிருக்கார். அதைப் படிச்சவங்களுக்கு துய்ப்ளேயை ஹீரோன்னு சொல்ல வாய் வராது.

1749-ல் ஆம்பூர் போர். துய்ப்ளே ஆதரித்த சந்தா சாகிப் ஜெயித்தார். அந்த வெற்றியால்தான் வில்லியனூர், பாகூர் பக்கத்துக் கிராமங்கள் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தன.

சண்டைன்னா சிப்பாய்க்குச் சம்பளம் வேணும். காகித நோட்டு இல்லாத காலம், வெள்ளி ரூபாயை எண்ணித்தான் கொடுக்கணும். பாரீஸில் இருந்த கம்பெனிக்கு வேண்டியது வியாபார லாபம், போர் இல்லை. அதனால் துய்ப்ளே தன் கைப்பணத்தைப் போட்டார், கடனும் வாங்கினார். 1751-ல் ஆற்காட்டை கிளைவ் பிடித்ததும் நிலைமை தலைகீழ். 1754-ல் கோதெஹூ வந்து பொறுப்பை வாங்கிக்கிட்டு இவரைக் கப்பல் ஏற்றினார்.

ஊருக்குப் போனதும் கம்பெனி தனக்குத் தர வேண்டியது சுமார் 1.3 கோடி லிவர்னு கணக்கு கொடுத்தார். கம்பெனி கையை விரிச்சது. வழக்காடிப் பார்த்தார். 1756-ல் மனைவி ழான் இறந்துபோனார். வராத பணத்துக்காக அலைந்தே, வறுமையில், 1763 நவம்பரில் பாரீஸில் செத்தார்.

நோட்டுங்கிறதே கேட்டால் பணம் தர்றோம்கிற வாக்குறுதிதான். அதில் போய் இவர் முகத்தை அச்சடிச்சிருக்காங்க!

காட்டேரிக்குப்பம் பக்கம் யார் வீட்டு டிரங்குப் பெட்டியிலாவது அந்த நோட்டு கிடைச்சா, தயவுசெஞ்சு லேமினேஷன் மட்டும் பண்ணிடாதீங்க.