துரவு தோண்டிய விசுவாசி ஈசாக்கு

கர்த்தர் தம்மை முற்பிதாக்கள் மூவரின் தேவன் என்று வெளிப்படுத்தும் இடங்களிலெல்லாம் நடுவில் நிற்கிறவன் ஈசாக்கு. ஆயினும் பிரசங்கங்களில் அவனைக் குறித்து நாம் கேட்பது மிகவும் குறைவு. ஆதியாகமத்தில் ஆபிரகாமுக்கும் யாக்கோபுக்கும் அநேக அதிகாரங்கள் உண்டு. ஈசாக்கு தனித்து முன்னிற்பது 26-ம் அதிகாரத்தில் மட்டுமே. மற்ற இடங்களில் அவன் ஒருவருக்கு மகனாகவோ, ஒருவருக்குத் தகப்பனாகவோ காணப்படுகிறான். ஆபிரகாம் ஊர் என்னும் பட்டணத்தை விட்டு நெடுந்தூரம் பயணம் செய்தான். யாக்கோபு பதான் அராமுக்கும் பின்பு எகிப்துக்கும் போனான். ஈசாக்கோ கானானின் எல்லையை ஒருமுறையும் தாண்டவில்லை. மற்ற இருவருக்கும் தேவன் புதிய பெயரைக் கொடுத்தார். ஈசாக்கின் பெயரோ அவன் பிறக்கும் முன்னரே தேவனால் குறிக்கப்பட்டுவிட்டதால், பின்பு மாற்றப்படவில்லை. நகைப்பு என்பது அதன் பொருள்.

தகப்பனுக்கு 100 வயதும் தாய்க்கு 90 வயதுமாயிருந்தபோது பிறந்த பிள்ளை அவன். மோரியா மலைக்கு ஏறுகையில் தகனபலிக்கான விறகைச் சுமந்தவன் அவனே. நெருப்பும் விறகும் இருக்க ஆட்டுக்குட்டி எங்கே என்று அவன் கேட்டதைத் தவிர, அந்த மலையில் அவன் வேறொன்றும் பேசியதாக வேதம் கூறவில்லை. விறகுக் கட்டைச் சுமந்து மலையேறும் பெலமுள்ள இளைஞன், முதிர்ந்த தகப்பன் தன்னைக் கட்டுகையில் எதிர்த்து நின்றதாகவும் இல்லை. மோரியாவைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஆபிரகாமின் விசுவாசத்தோடு நின்றுவிடுகிறார்கள். கட்டப்பட்டுக் கிடந்தவனையும் சற்று நினைப்பது நல்லது.

சாராள் 127 வயதில் மரித்தபோது ஈசாக்குக்கு வயது 37. மூன்று ஆண்டுகள் கழித்து, சாயங்கால வேளையில் தியானம்பண்ண வெளியே போயிருந்தவன், ஒட்டகங்கள் வருவதைக் கண்டான். ரெபெக்காள் அவன் மனைவியானாள். தாயை இழந்த துக்கத்தில் ஆறுதலடைந்தான். ஆனால் 20 ஆண்டுகளாகக் குழந்தை இல்லை. வாக்குத்தத்தம் தாமதித்தபோது ஆபிரகாமின் வீட்டில் ஆகார் வந்தாள். அதனால் உண்டான வேதனையை ஈசாக்கு சிறுவயதிலேயே கண்டவன். அவன் வேறு பெண்ணைத் தேடாமல் மனைவிக்காகக் கர்த்தரை நோக்கி வேண்டுதல் செய்தான். முற்பிதாக்கள் மூவரில் ஒரே மனைவியோடு வாழ்ந்தவன் அவன்தான். அவனுடைய 60-ம் வயதில் ஏசாவும் யாக்கோபும் இரட்டையராய்ப் பிறந்தார்கள்.

பின்பு தேசத்தில் பஞ்சம் உண்டாயிற்று. எகிப்துக்குப் போக வேண்டாம், இங்கேயே தங்கு என்று கர்த்தர் கட்டளையிட்டார்; அவன் பெலிஸ்தரின் கேராரில் குடியிருந்தான். அங்கே அவன் விழுந்தான். உயிருக்குப் பயந்து ரெபெக்காளைத் தன் சகோதரி என்றான். தகப்பன் இரண்டு முறை செய்த அதே தவறு! பஞ்சத்திலே தன்னைப் போஷிப்பார் என்று தேவனை நம்பியவனுக்கு, மனைவியைக் காப்பார் என்று நம்ப முடியவில்லை. அபிமெலேக்கு ராஜா ஜன்னல் வழியாகப் பார்த்து உண்மையை அறிந்தான். தேவனை அறியாத ராஜாவின் வாயால் தேவமனிதன் கடிந்துகொள்ளப்பட்டான். அதன் பின்னர்தான் அவன் விதைத்தான். அந்த வருஷத்திலேயே நூறுமடங்கு அறுத்தான். இதை அவன் நடக்கைக்குக் கிடைத்த கூலி என்று எவரும் சொல்ல முடியாது.

விளைச்சல் பெருகியதும் பொறாமையும் பெருகிற்று. ஆபிரகாமின் வேலைக்காரர் வெட்டிய துரவுகளையெல்லாம் பெலிஸ்தர் மண்ணைக் கொட்டித் தூர்த்துப்போட்டார்கள். அந்தத் தேசத்தில் இது எவ்வளவு கொடிய செயல் என்பதை நாம் எளிதில் உணரமாட்டோம். பெயெர்செபாப் பகுதியில் இன்றும் ஆண்டு மழை ஏறத்தாழ 200 மில்லிமீட்டர் மட்டுமே. துரவு இல்லையேல் மந்தை இல்லை. மந்தை இல்லையேல் குடும்பம் இல்லை. துரவைத் தூர்த்தவர்களுக்கும் அந்தத் தண்ணீர் கிடைக்கப்போவதில்லை. அவனுக்குக் கிடைக்கக்கூடாது என்பதே அவர்கள் நோக்கம். அபிமெலேக்கும் அவனை விட்டுப்போகும்படி சொன்னான்.

ஈசாக்கு புறப்பட்டுக் கேராரின் பள்ளத்தாக்கில் கூடாரம் போட்டான். முதலாவது தகப்பனின் பழைய துரவுகளைத் தூரெடுத்து, தகப்பன் வைத்த பெயர்களையே அவற்றுக்கு மறுபடியும் வைத்தான். தன் பெயரை நிலைநாட்ட அவன் விரும்பவில்லை. முன்னோர் ஊழியம் செய்த பணித்தளத்தில் கால்வைக்கும் எவருக்கும் இந்தச் சிறிய குறிப்பு யோசிக்கத்தக்கது.

பிறகு அவன் வேலைக்காரர் புதிதாய்த் தோண்டி ஊற்றுத் தண்ணீரைக் கண்டார்கள். கேராரூர் மேய்ப்பர் தண்ணீர் தங்களுடையது என்று வாக்குவாதம் பண்ணினார்கள். அவன் அதற்கு வாக்குவாதம் என்னும் பொருளில் ஏசேக்கு என்று பெயரிட்டு விட்டுவிட்டான். அடுத்த துரவுக்கும் சண்டை வந்தது. அதற்குப் பகை என்னும் பொருளில் சித்னா என்று பெயரிட்டு அதையும் விட்டான். மூன்றாவது துரவுக்கு எவரும் சண்டைக்கு வரவில்லை. இடம் உண்டாயிற்று என்று மகிழ்ந்து ரெகொபோத் என்று பெயரிட்டான்.

இது கோழையின் ஒதுக்கம் அல்ல. ஆபிரகாம் தன் வீட்டிலே பிறந்த 318 பேரைக் கூட்டிக்கொண்டு ராஜாக்களைத் துரத்தி லோத்தை மீட்டவன். அந்த வீட்டின் சுதந்தரவாளி ஈசாக்கு. அவன் தங்களைவிடப் பலத்தவன் என்று அபிமெலேக்கே ஒப்புக்கொண்டிருந்தான். போரிட வலிமையிருந்தும் அவன் விட்டுக்கொடுத்தான். தேசம் முழுவதையும் தேவன் வாக்களித்திருக்க, ஒரு துரவுக்காக இரத்தம் சிந்த வேண்டியதில்லை என்று அவன் அறிந்திருந்தான். அவன் விட்டுக்கொடுத்தது வெறும் மண்ணையும் அல்ல. கயிறும் கூடையுமாய் வேலைக்காரர் நாட்கணக்கில் உழைத்த உழைப்பு அது. சொந்தப் பாடுபட்டுக் கட்டியதைப் பிறர் கையில் விட்டுவந்தவர்களுக்கே அந்தப் பெயர்களின் கசப்பு விளங்கும். ஈசாக்கு அந்தக் கசப்பை மறைக்கவில்லை; பெயராகவே வைத்துவிட்டு நடந்தான்.

அங்கிருந்து பெயெர்செபாவுக்குப் போன அன்று இராத்திரியே கர்த்தர் அவனுக்குத் தரிசனமானார். அவன் முதலில் பலிபீடம் கட்டினான். பின்பு கூடாரம் போட்டான். அதன் பின்னரே வேலைக்காரர் துரவு வெட்டத் தொடங்கினார்கள். துரத்திவிட்ட அபிமெலேக்கு தன் சிநேகிதன் அகுசாத்தோடும் சேனாபதி பிகோலோடும் அங்கே வந்து, கர்த்தர் அவனோடிருப்பதைக் கண்டதாகச் சொல்லி உடன்படிக்கை கேட்டான். ஈசாக்கு அவர்களுக்கு விருந்து வைத்தான். காலையில் ஆணையிட்டுச் சமாதானத்தோடே அனுப்பினான். தண்ணீர் கண்டோம் என்ற செய்தியும் அந்த நாளிலேயே வந்தது.

வெளியே பகைவரோடு இவ்வளவு பொறுமையாய் நடந்தவன் வீட்டுக்குள்ளே தடுமாறினான் என்பதே வேதனை. மூத்தவன் இளையவனைச் சேவிப்பான் என்பது பிரசவத்துக்கு முன்னரே ரெபெக்காளுக்கு அறிவிக்கப்பட்டிருந்தது. அதை அவள் கணவனிடம் சொன்னாளா என்று வேதம் குறிப்பிடவில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகளுக்காக 20 ஆண்டுகள் ஜெபித்தவனுக்கு அது தெரியாதிருந்தது என்று நம்புவது கடினம். வேட்டையிறைச்சியின் ருசி ஈசாக்கை ஏசாவிடம் இழுத்தது. யாக்கோபு தன் மரணவேளையில் பன்னிரண்டு குமாரரையும் கூடிவரச் செய்து ஆசீர்வதித்தான். ஈசாக்கோ ஒருவனை மட்டும் இரகசியமாய் அழைத்தான். தாயும் இளையவனும் வஞ்சித்தார்கள். கண்கள் மங்கியவன் கைகளைத் தடவிப் பார்த்து, குரலை நம்பாமல் ஆசீர்வதித்தான்.

ஏசா வந்து நின்றபோது ஈசாக்கு மிகவும் நடுங்கினான். அந்த நடுக்கத்திலே, வஞ்சகத்துக்கும் மேலாகத் தேவனுடைய கரத்தை அவன் கண்டிருக்க வேண்டும். ஏனெனில் ஆசீர்வாதத்தை அவன் திரும்பப் பெறவில்லை. ஏமாற்றின மகனைச் சபிக்கவும் இல்லை. ஏசாவின் கண்ணீரைக் கண்டும் மாறாமல், சில நாட்களுக்குள் யாக்கோபை வரவழைத்து, இந்த முறை எவர் முன் நிற்கிறார் என்று தெரிந்தே, ஆபிரகாமின் ஆசீர்வாதத்தை அவன்மேல் கூறிப் பதான் அராமுக்கு அனுப்பினான். எபிரெயர் 11-ம் அதிகாரம் ஈசாக்கின் விசுவாசத்துக்குச் சான்றாகச் சொல்வது இதை மட்டுமே. துரவுகளை அல்ல, மோரியாவும் அங்கே ஆபிரகாமின் கணக்கிலேயே வருகிறது. தன் விருப்பம் தோற்று, தேவசித்தம் நின்றபோது அதற்குத் தலைவணங்கியதே அவனுடைய விசுவாசமாக எண்ணப்பட்டது.

வீடு அதற்கு விலை கொடுத்தது. சில நாட்கள் என்று எண்ணி ரெபெக்காள் அனுப்பிய மகன் லாபானிடம் 20 ஆண்டுகள் தங்கினான். அவள் அவனை மறுபடி கண்டதாக வேதத்தில் குறிப்பு இல்லை.

யாக்கோபு பார்வோனுக்கு முன் நின்றபோது அவன் வயது 130. யோசேப்புக்கு அப்போது 39. இந்தக் கணக்கின்படி பின்னோக்கிப் பார்த்தால், மரணநாள் நெருங்கிற்று என்று ஈசாக்கு அந்த ஆசீர்வாதத்துக்கு ஆயத்தப்பட்டபோது அவனுக்கு வயது 137. அவன் சகோதரன் இஸ்மவேல் மரித்ததும் தன் 137-ம் வயதில்தான். ஆனால் ஈசாக்கு மேலும் 43 ஆண்டுகள் பார்வையற்றவனாய் வாழ்ந்தான். எபிரோனில் மம்ரேயிலே யாக்கோபு திரும்பி வந்து தகப்பனைச் சேர்ந்தான். அதே பள்ளத்தாக்கிலிருந்து அனுப்பப்பட்ட யோசேப்பு வீடு திரும்பவில்லை. இரத்தம் தோய்ந்த அங்கி மட்டும் வந்தது. யாக்கோபு ஆறுதலடைய மறுத்து அழுத அந்த நாட்களில் ஈசாக்கும் உயிரோடிருந்தான், வயது 168.

180 வயதில் அவன் மரித்தபோது ஏசாவும் யாக்கோபும் சேர்ந்து அவனை மக்பேலா குகையில், ஆபிரகாம், சாராள், ரெபெக்காள் அருகே அடக்கம் செய்தார்கள். அப்பொழுது யோசேப்புக்கு 29 வயது. எகிப்தின் சிறைச்சாலையில் இருந்தான். அவன் பார்வோனுக்கு முன்பாக நிற்க இன்னும் ஓராண்டு இருந்தது.