இன்ஜினுக்காகச் சண்டை போட்ட மனுஷர்: ஜோரா ஆர்கஸ்-டன்டோவ்

பழைய கார் ஒன்றுக்கு வேற இன்ஜின் போடணும்னு ஆசைப்படுற யாருமே முதலில் கேட்பது, எத்தனை ஹார்ஸ்பவர் என்றுதான். அந்தக் கேள்வி மட்டும் போதாது என்று ஒரு பெரிய கம்பெனிக்கே எழுதிக் கொடுத்தவர் ஜோரா ஆர்கஸ்-டன்டோவ். அவரை செவ்ரோலெட் கார்வெட்டின் தந்தை என்பார்கள். உண்மையில் அந்தக் காரை முதலில் உருவாக்கியவர் அவர் இல்லை. அது சாகாமல் காப்பாற்றியவர்களில் முக்கியமானவர்.

1909 டிசம்பர் 25, பிரஸ்ஸல்ஸில் பிறந்தார். பெற்றோர் ரஷ்ய யூதர்கள். வளர்ந்தது லெனின்கிராடில். அம்மா, அப்பாவைப் பிரிந்து டன்டோவ் என்பவரோடு வாழ ஆரம்பித்தாலும், அப்பா ஆர்கஸும் அதே வீட்டில்தான் இருந்தார். ரெண்டு பேரையும் விட்டுக்கொடுக்க மனசில்லாமல் ஜோராவும் தம்பி யூராவும் ரெண்டு பெயரையுமே வைத்துக்கொண்டார்கள்.

குடும்பம் பெர்லினுக்குப் போனது. 1934-ல் அங்கேயே இன்ஜினியரிங் முடித்தார். போர் வந்தபோது பிரான்ஸில் இருந்தார், விமானப் படையில் சேர்ந்தார். பிரான்ஸ் தோற்றதும் யூதரான அவருக்கு அங்கே இடமில்லை. மனைவி எல்ஃபியோடும் குடும்பத்தோடும் ஸ்பெயின், போர்ச்சுகல் வழியாகத் தப்பி நியூயார்க் போய்ச் சேர்ந்தார்.

அங்கே அண்ணன் தம்பி சேர்ந்து ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள். ஆர்கஸில் கொஞ்சம், டன்டோவில் கொஞ்சம் எடுத்து வைத்த பெயர் ஆர்டன். போருக்குப் பிறகு அவர்கள் கையில் எடுத்தது 1932-ல் வந்த ஃபோர்டு ஃபிளாட்ஹெட் வி8 இன்ஜினை. அது விலை குறைவு, எங்கேயும் கிடைக்கும், பசங்க கையில் இருந்த ஸ்ட்ரீட் கார்களில் எல்லாம் அதுதான். ஆனால் வால்வுகள் பிளாக்கிலேயே பக்கவாட்டில் இருக்கும். சூடான எக்ஸாஸ்ட் பிளாக்குக்குள்ளேயே சுற்றி வெளியே வரும். அதனால் சீக்கிரம் கொதித்துவிடும், காற்றும் சரியாக உள்ளே போகாது.

டன்டோவ் இன்ஜினைத் தூக்கிப் போடவில்லை. பிளாக்கை அப்படியே வைத்துக்கொண்டு, மேலே புதிதாக அலுமினியம் சிலிண்டர் ஹெட் போட்டார். வால்வுகள் மேலே வந்தன, எரியும் அறை அரைக்கோள வடிவம் ஆனது. சுமார் 100 ஹார்ஸ்பவர் தந்த இன்ஜின் 160-ஐத் தாண்டியது. லாரிகளுக்காக யோசித்த பொருள், ரேஸ் பிரியர்கள் தேடும் பொருள் ஆகிவிட்டது. ஆனால் விலை அதிகம், விற்றதோ கொஞ்சம்தான். கம்பெனி மூடிவிட்டது.

1953 ஜனவரியில் நியூயார்க் கண்காட்சியில் முதல் கார்வெட்டைப் பார்த்தார். உடம்பு அழகு, உள்ளே இருந்ததோ ஆறு சிலிண்டர் இன்ஜினும் ரெண்டு கியர் ஆட்டோமேட்டிக்கும். மே மாதம் ஜெனரல் மோட்டார்ஸில் வேலைக்குச் சேர்ந்தார். சேர்ந்து ஏழே மாதத்தில், புது ஆளாக இருந்துகொண்டு, மேலிடத்துக்கு ஒரு குறிப்பு எழுதினார். இளைஞர்கள் எல்லாம் ஃபோர்டு பக்கம்தான் இருக்கிறார்கள், காரணம் அதற்கு வருஷக்கணக்காகப் பார்ட்ஸ் சேர்ந்திருக்கிறது. நாம் நல்ல வி8 கொண்டுவந்தால் மட்டும் போதாது. கேம்ஷாஃப்ட், வால்வு, மேனிஃபோல்டு என்று எல்லாவற்றையும் நாமே தயாரித்து விற்கணும். இதுதான் சாரம்.

1954-ல் 3,640 கார்வெட் செய்தார்கள், வருஷக் கடைசியில் ஏராளமான கார்கள் விற்காமல் நின்றன. நிறுத்திவிடலாம் என்ற பேச்சு வந்தபோது மறுபடியும் எழுதினார்: கைவிட்டால் தோற்றதாக ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும் என்று.

1955-ல் எட் கோல் தலைமையில் செய்த புது ஸ்மால் பிளாக் வி8 வந்தது. இதை டிசைன் பண்ணினதே டன்டோவ்தான்னு சில பேர் சொல்வாங்க, அது சரியில்லை. 265 கன அங்குலம், கார்வெட்டில் 195 ஹார்ஸ்பவர். பழைய ஆறு சிலிண்டரை விட எடையும் குறைவு, அதனால் முன்பக்கம் பாரம் ஏறவில்லை. டன்டோவ் அதற்குப் புது கேம்ஷாஃப்ட் செய்து, 1956 ஜனவரியில் டேடோனா கடற்கரையில் தானே ஓட்டி மணிக்கு 150 மைல் தொட்டார். 1957-ல் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனோடு 283 கன அங்குலத்துக்கு 283 ஹார்ஸ்பவர். அவர் கேட்ட மாதிரியே பார்ட்ஸும் கடைக்கு வந்தன. இன்றைக்கும் அமெரிக்காவில் பழைய காருக்கு இன்ஜின் மாற்றுபவர்கள் அதிகம் தேடுவது இந்தக் குடும்பத்து இன்ஜினைத்தான். எடை குறைவு, சின்ன அளவு, எந்த ஊரிலும் பார்ட்ஸ். பவர் அதற்கு அப்புறம்தான்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் ஜெயிக்கவில்லை. இன்ஜின் டிரைவருக்குப் பின்னால் இருக்கணும் என்று 1960-லிருந்தே சோதனைக் கார்கள் கட்டிக் காட்டினார். முன்னால் இருப்பதே நன்றாக விற்கும்போது எதுக்கு மாற்றணும் என்பது மேலிடத்தின் பதில். 1975 ஜனவரியில் ஓய்வு பெற்றார். 1996 ஏப்ரலில் 86 வயதில் இறந்தார். அவருடைய சாம்பல் கென்டக்கியில் இருக்கும் கார்வெட் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டிருக்கிறது.

நடுவில் இன்ஜின் வைத்த கார்வெட் 2020 மாடலாக விற்பனைக்கு வந்தது. பின்னால் இருப்பது ஒரு ஸ்மால் பிளாக் வி8.