தந்தையற்ற சிறுவனுக்குத் துணைநின்ற மெயாட்சா

விளையாட்டு வீரர் ஒருவரின் பெருமையை அவர் வென்ற கிண்ணங்களைக் கொண்டு அளப்பதே உலக வழக்கமாகும். அவர் பயிற்றுவிப்பாளராகிய பின்னரும் நாம் அதே அளவுகோலையே கையிலெடுக்கின்றோம். அந்த அளவுகோல் போதுமானதுதானா என்ற கேள்வியை இத்தாலிய உதைபந்தாட்ட வீரர் ஜுசெப்பே மெயாட்சாவின் வாழ்க்கை எழுப்புகின்றது.

1910 ஆகஸ்ட் 23ஆம் திகதி மிலான் நகரிற் பிறந்த மெயாட்சா, முதலாம் உலகப் போரில் தந்தையை இழந்தார். சந்தையில் பழங்கள், மரக்கறிகள் விற்ற தாயாரே அவரை வளர்த்தார். கந்தைத் துணிகளைச் சுற்றிய பந்தை வெறுங்காலால் உதைத்துப் பழகிய அச்சிறுவனை, மெலிந்த உடலைக் காரணங்காட்டி மிலான் கழகம் நிராகரித்தது. அதே நகரின் இன்டர் கழகம் அவரை அரவணைத்தது. 17 வயதில் அதன் முதல்தர அணியில் இடம்பிடித்த அவர், 1929-30 பருவகாலத்தில் 31 கோல்களைப் பெற்று இத்தாலிய லீக்கில் முதலிடம் பெற்றார்.

தேசிய அணிக்காக 53 போட்டிகளில் 33 கோல்களைப் பெற்ற மெயாட்சா, 1934, 1938 ஆகிய இரு ஆண்டுகளிலும் உலகக் கிண்ணத்தை வென்ற அணிகளில் விளையாடினார். 1938இல் அணித்தலைவரும் அவரே. பிரேஸிலுக்கு எதிரான அவ்வாண்டின் அரையிறுதியில், காற்சட்டையின் இழைப்பட்டி அறுந்துபோக, அதனை ஒரு கையாற் பிடித்தவாறே தண்ட உதையைக் கோலாக்கினார் என்பது இன்றும் பேசப்படுகின்றது. அவ்வெற்றிகளை முசோலினியின் பாசிச ஆட்சி தனது பெருமையாகப் பறைசாற்றிக் கொண்டது என்பதையும் நாம் மறத்தலாகாது.

உச்சத்தில் நின்றவரைக் காலம் விட்டுவைக்கவில்லை. இடது பாதத்தில் இரத்தோட்டம் தடைப்பட்டதால் 1939-40 பருவகாலம் முழுவதையும் இழந்தார். பின்னர் பல கழகங்களுக்கு மாறி, 1947இல் இன்டரிலேயே ஆட்டத்தை நிறைவுசெய்தார்.

பயிற்றுவிப்பாளராக இன்டர், துருக்கியின் பெஷிக்டாஷ் முதலிய கழகங்களை அவர் வழிநடத்தினார். 1952-53 காலப்பகுதியில் தேசிய அணியின் பயிற்றுவிப்பிலும் பங்கேற்றார். ஆயினும், வீரராக வென்ற இத்தாலிய லீக் பட்டத்தைப் பயிற்றுவிப்பாளராக அவரால் ஒருபோதும் வெல்ல முடியவில்லை. கிண்ணங்களை மாத்திரம் எண்ணுவோர் அவரைத் தோல்வியுற்றவர் என்றே எழுதிவைப்பர்.

ஆனால், அவரது பணி வேறோரிடத்திற் பலன் தந்தது. 1949 மே 4ஆம் திகதி தொரினோ அணியினர் பயணித்த விமானம் சுப்பர்கா குன்றில் மோதியதில் அவ்வணியின் தலைவர் வலன்டினோ மட்சோலா உயிரிழந்தார். அப்போது ஆறு வயதேயான அவரது மகன் சன்ட்ரோ, பின்னர் இன்டரின் இளையோர் அணியில் மெயாட்சாவிடம் பயிற்சி பெற்றார். தந்தையை இழத்தல் எத்தகையது என்பதை அறிந்த ஒருவரே அவருக்கு ஆசானாக வாய்த்தார். 1964இல் வியன்னாவில் நடைபெற்ற ஐரோப்பியக் கிண்ண இறுதியில், ரியல் மட்ரிட்டுக்கு எதிராக இரு கோல்களைப் பெற்று இன்டரின் வெற்றிக்கு வழிவகுத்தவர் அந்த சன்ட்ரோவே.

1979 ஆகஸ்ட் 21ஆம் திகதி மெயாட்சா மறைந்தார். மறு ஆண்டு மிலானின் சான் சிரோ மைதானத்துக்கு அவரது பெயர் சூட்டப்பட்டது. 2025இல் அம்மைதானத்தை இன்டர், மிலான் கழகங்களுக்கு விற்க மாநகர சபை தீர்மானித்தது. அதன் பெரும்பகுதியை இடித்துப் புதிய மைதானம் அமைப்பதே கழகங்களின் திட்டமாகும்.

கட்டடங்கள் இடிக்கப்படலாம், பெயர்ப்பலகைகளும் அகற்றப்படலாம். ஆதரவற்று நின்ற சிறுவனை ஆளாக்கிய பணியோ அவ்வாறு அழிவதில்லை. பயிற்றுவிப்போரையும் ஆசிரியர்களையும் மதிப்பிடும்போது, அவர்கள் ஈட்டிய பட்டங்களுடன் அவர்கள் உருவாக்கிய மனிதரையும் கணக்கிற்கொள்ள வேண்டும் என்பதே எமது எண்ணமாகும்.