நடுவே புகுந்த வீரர்

கிரிக்கெற்றிலே தோய்ந்த நம் நாட்டினர்க்கு அமெரிக்கரின் பேஸ்போல் ஆட்டம் அயலானது. அதனைப் பற்றிப் பண்டிதனொருவன் எழுதப் புகுவது சிலர்க்கு நகை விளைக்கலாம். ஆயினும், ஹொய்ற் வில்ஹெல்ம் என்பாரின் சரிதத்தை அறிந்த நாள்தொட்டு அவர் என் நெஞ்சை விட்டு அகன்றாரல்லர்.

அவ்வாட்டத்திலே பந்தெறிபவர் தளர்ந்தால், நடுவே வேறொருவர் அழைக்கப்படுவர். வெளியேறியவர் அன்றைய ஆட்டத்தில் மீளப் புகுதல் இல்லை. முன்னவர் விட்டுச்சென்ற இடர் முழுவதும் வந்தவர் தலையிலே. ஆண்டின் நடுவில் மற்றொருவரின் வகுப்பை ஏற்றுப் பாடத்தை முடித்துக் கொடுத்த அனுபவம் எனக்குமுண்டு. அந்நிலையின் சங்கடத்தை நான் அறிவேன். தொடக்கத்தில் எறிய வலுவற்றோரே இப்பணிக்கு உரியர் எனக் கருதப்பட்ட காலம் அது.

வில்ஹெல்ம் 1922ஆம் ஆண்டு வட கரோலினாவிலே, குத்தகை நிலத்தை உழுதுண்ணும் ஏழைக் குடும்பத்திற் பிறந்தார். டச் லெனட் என்னும் வீரர் பந்தைப் பற்றும் முறையை மாணவப் பருவத்திலே பத்திரிகையிற் கண்டு, ரெனிஸ் பந்தொன்றைக் கொண்டு தாமே பயின்றார். அதுவே விரற்கணுப் பந்து. முன்னையோர் விரற்கணுக்களாற் பற்றியமையின் அது காரணப்பெயர். வில்ஹெல்மோ விரல் நுனிகளாற் பற்றினார். அவர் கையில் அஃது இடுகுறியாய் நின்றது எனலாம். சுழற்சியின்றிச் செல்லும் அப்பந்து காற்றில் அங்குமிங்கும் அலையும். மட்டையாளர் மாத்திரமன்றி, அவர்க்குப் பின்னிருந்து பந்தை ஏந்துபவரும் தடுமாறினர். 1960இல் போல்ரிமோர் அணியின் முகாமையாளர் போல் றிச்சட்ஸ், இப்பந்தை ஏந்துதற்கென்றே மிகப் பெரிய கையுறையொன்றைச் செய்வித்தார்.

இரண்டாம் உலகப் போரிற் பல்ஜ் சமரிலே காயமுற்ற வில்ஹெல்ம், குண்டுச் சிதறலை முதுகிலே தாங்கியவாறே பின்னர் ஆடினார். தலையாய லீக்கிற் புகுந்தது 1952இலேதான். அப்போது வயது 29. நியூயோர்க் ஜயன்ற்ஸ் அணிக்காக அவ்வாண்டு 71 ஆட்டங்களில், யாவற்றிலும் நடுவே புகுந்து, 15 வெற்றிகளை ஈட்டினார், தோல்வி மூன்றே. முதன்முறை மட்டை பிடித்தபோதே பந்தை எல்லைக்கு அப்பால் அடித்தார். வேடிக்கை யாதெனில், 21 பருவங்கள் ஆடியும் அத்தகைய அடி மற்றொன்று வாய்க்கவில்லை.

1958இல் கிளீவ்லாந்து அணி அவரைக் கைவிட்டது. சில வாரங்களில், செப்ரெம்பர் 20ஆம் நாள், போல்ரிமோர் அணியின் தொடக்க எறிவாளராய் நின்று, யாங்கீஸ் அணியினர் ஒருவரேனும் அடித்துத் தளஞ் சேரவிடாது 1-0 என வென்றார். இவரையோ வலுவற்றவர் என்பது! எனினும் பின்னர் மீண்டும் நடுவே புகும் பணிக்கே சென்றார். அதிலே குறை கண்டாரல்லர்.

1972இல், 50 வயது நிறையச் சில நாட்களே இருக்க, லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸ் அணி அவரை விடுவித்தது. அதுவரை அவர் எறிந்த ஆட்டங்கள் 1070. அந்நாளில் வேறெவரும் எட்டாத தொகை. கூப்பர்ஸ்ரவுண் புகழ் மண்டபத்தின் வாயிலோ எளிதில் திறக்கவில்லை. 1985இலேதான், நடுவே புகுவோருள் முதல்வராக, அதனுட் புகுந்தார். 2002இற் புளோரிடாவிலே மறைந்தார். ஆடிய காலமெல்லாம் அவர் பிறந்த ஆண்டு 1923 என்றே ஏட்டிற் பதிவாகியிருந்தது.