யார் இந்த கே.பி.சுந்தராம்பாள்? மேடையின் பாட்டு நட்சத்திரம் ஔவையாரின் முகமான கதை

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், கல்வராயன் மலைக்குக் கிழக்கே, தென்பெண்ணைக் கரையில் இருக்கிறது திருக்கோவிலூர். இங்குள்ள வீரட்டேஸ்வரர் கோயிலுக்குப் போனால் பெரிய யானை கணபதி சன்னதியைக் காட்டி ஒரு கதை சொல்வார்கள். கயிலைக்குக் கிளம்பிய சுந்தரரும் சேரமான் பெருமாளும் ஔவையாரையும் கூப்பிட்டார்களாம். ஔவையோ விநாயகர் பூஜையை அவசரமாக முடிக்க மறுத்து, விநாயகர் அகவலை நிதானமாகப் பாடி முடித்தாராம். அதில் மகிழ்ந்த பிள்ளையார் ஔவையைத் தும்பிக்கையால் தூக்கி, முன்னால் போன இருவருக்கும் முன்பாகவே கயிலையில் இறக்கிவிட்டாராம்.

இந்தக் கதையைக் கேட்கும்போது மனசுக்குள் ஒரு முகம் வருமே? வெள்ளைச் சேலை, கையில் கோல், நெற்றி நிறையத் திருநீறு, கணீரென்ற குரல். அந்த முகத்தை எந்தச் சிற்பியும் செதுக்கவில்லை. அது கொடுமுடியில் பிறந்து, ரயிலில் பாடிக் காசு வாங்கிய ஒரு பெண்ணின் முகம். கே.பி.சுந்தராம்பாள்.

இன்றைய தலைமுறைக்கு அவர் 'பழம் நீயப்பா' பாடிய பாட்டி. கந்த சஷ்டிக்கோ ஆடித் திருவிழாவுக்கோ ஊர்க்கோயில் ஒலிபெருக்கியில் கேட்கும் குரல். ஆனால் 1920களில் அவர் பாட்டி இல்லை. அன்றைய கணக்கில் அவர் ஒரு பாப் ஸ்டார்.

ரயிலில் தொடங்கிய குரல்

சுந்தராம்பாள் பிறந்தது 1908-ல், காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில். பெயருக்கு முன்னால் வரும் 'கே' ஊர்ப் பெயர், 'பி' அம்மா பாலாம்பாளின் பெயர். அந்தக் காலத்தில் அம்மா பெயரை இனிஷியலாக வைத்திருந்தவர் என்பதைக் கொஞ்சம் கவனிக்கலாம். குடும்பத்தில் வறுமை. சிறுமியாக ரயில் பெட்டிகளில் பாடிக்கொண்டிருந்தபோது எஃப்.ஜி.நடேச அய்யரின் கண்ணில் பட்டார் என்பது அவர் வாழ்க்கை வரலாற்றில் எல்லோரும் சொல்லும் தொடக்கம். நடேச அய்யர் ரயில்வே அதிகாரி, திருச்சியின் நாடகப் பித்தர். அவர் வழியாகச் சிறுமி நாடகக் கம்பெனிக்குப் போனார்.

அன்றைய நாடகம் எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் அவருடைய புகழின் அளவு புரியும். மைக் கிடையாது. இரவு ஒன்பது, பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை ஓடும். கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் வார்த்தை கேட்க வேண்டும். 'ஸ்பெஷல் நாடகம்' என்றொரு முறை இருந்தது. ஒரே கம்பெனியைச் சேராத நடிகர்களைத் தனித்தனியாக ஒப்பந்தம் செய்து ஒரு ராத்திரிக்கு மேடையேற்றுவார்கள். ஒத்திகையெல்லாம் பெரிதாக இருக்காது. வள்ளியும் முருகனும் மேடையிலேயே பாட்டுக்குப் பாட்டு மோதுவார்கள். தோற்றால் கூட்டம் சும்மா விடாது. இன்றைய ரியாலிட்டி ஷோவின் எலிமினேஷன் ரவுண்டு மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம், நடுவர்கள்தான் ஆயிரக்கணக்கில்.

இந்தக் களத்தில் சுந்தராம்பாள் ராணியாக இருந்தார். தமிழ்நாட்டில் மட்டுமில்லை, இலங்கையிலும்.

கிட்டப்பா

1926. கொழும்பில் சுந்தராம்பாள் கொடிகட்டிப் பறக்கிறார். அவருக்கு எதிரே நடிக்கச் செங்கோட்டை எஸ்.ஜி.கிட்டப்பாவை அழைக்கிறார்கள். அந்தப் பெண்ணுக்கு ஈடுகொடுக்க முடியாது, போகாதே என்று சிலர் கிட்டப்பாவை எச்சரித்ததாக ஒரு கதை உண்டு. கிட்டப்பா போனார். இருவரும் சேர்ந்து மேடையேறினார்கள், கொழும்பு அதிர்ந்தது. அடுத்த ஆண்டே திருமணம்.

கிட்டப்பா பிராமணர், ஏற்கெனவே திருமணமானவர். சுந்தராம்பாள் அப்படியொரு குடும்பத்திலிருந்து வந்தவரல்ல. ஊர் பேசியது. ஆனால் மேடையில் ஜோடி சேர்ந்தால் டிக்கெட் கிடைக்காது. கிட்டப்பாவின் அண்ணன் காசி அய்யர் ஆர்மோனியம் வாசிக்க, 'வள்ளி திருமணம்' ஊர் ஊராகப் போனது. கிராமபோன் தட்டுகள் வீடுகளுக்குள் போயின. காங்கிரஸ் மேடைகளில் தேசபக்திப் பாட்டுகளும் பாடினார்கள்.

வீட்டுக்குள் நிலைமை வேறு. கிட்டப்பாவின் குடி, இடையில் ஏற்பட்ட பிரிவு, சுந்தராம்பாள் அவருக்கு எழுதிய கடிதங்கள் எல்லாம் பிற்பாடு வெளியே தெரிந்தன. அந்தக் கடிதங்களைப் படிப்பவருக்கு அது ஒரு நட்சத்திரத்தின் கைப்பட வந்தது என்ற நினைப்பே வராது. காத்திருந்து களைத்துப்போன ஒரு சாதாரண மனைவியின் கோபமும் கெஞ்சலும்தான் இருக்கும்.

1933 டிசம்பர் 2 அன்று கிட்டப்பா இறந்தார். வயது 27. சுந்தராம்பாளுக்கு 25.

அன்று உடுத்திய வெள்ளைச் சேலையை அவர் சாகும்வரை மாற்றவில்லை. இனி எந்த ஆணுடனும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். 25 வயதில், புகழின் உச்சியில், ஒரு பாட்டு நட்சத்திரம் எடுத்த முடிவு இது. இதை வெறும் பக்தியாகவோ பதிவிரதைக் கதையாகவோ சொல்லிக் கடந்துவிடுவது சுலபம். அவருடைய தொழில் வாழ்க்கையை அது என்ன செய்தது என்பதைத்தான் யாரும் அதிகம் பேசுவதில்லை.

ஒரு லட்சம் ரூபாய், ஒரு பனைமரம்

பேசும் படம் வந்து சில ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. 'நந்தனார்' படம் எடுக்கத் திட்டமிட்ட அசன்தாஸ், சுந்தராம்பாளிடம் வந்தார். ஆளை விரட்டுவதற்காகவே அவர் ஒரு லட்சம் ரூபாய் கேட்டார், அசன்தாஸ் சரி என்று சொல்லிவிட்டார் என்பார்கள். ஒரு சவரன் தங்கம் முப்பது ரூபாயைக்கூடத் தொடாத காலம் அது. அந்தப் பணத்துக்கு மூவாயிரம் சவரனுக்கு மேல் வாங்கியிருக்கலாம். இந்தியாவில் ஒரு படத்துக்கு ஒரு லட்சம் சம்பளம் வாங்கிய முதல் நட்சத்திரம் என்று அவரைச் சொல்வது இதனால்தான். முதலிடம் ஆணுக்கா பெண்ணுக்கா என்று பார்த்தால், பெண்ணுக்கு.

ஜோடி கிடையாது என்ற நிபந்தனைக்கு ஏற்ற மாதிரி, அவருக்குக் கொடுத்த வேடம் நந்தனார். ஆண் வேடம். நந்தனை வேலை வாங்கும் வேதியராக மகாராஜபுரம் விஸ்வநாத அய்யர் நடித்தார். கர்நாடக இசையின் பெரிய வித்வான். கதைப்படி வேதியர் கடைசியில் நந்தனின் காலில் விழ வேண்டும். வித்வான் ஒருவர் நாடகக்காரப் பெண்ணின் காலில் விழுவதா என்று அன்றைய சமூகத்தில் முணுமுணுப்பு எழுந்தது. படத்தின் கதையே சாதிக்கு எதிரானது என்பதை நினைத்தால் இதில் இருக்கும் முரண் கொஞ்சம் சிரிக்க வைக்கும்.

1935-ல் வெளிவந்த படம் எதிர்பார்த்தபடி போகவில்லை. விமர்சனம் எழுதிய கல்கி, படத்தில் நன்றாக நடித்தது பனைமரம்தான், அதற்கடுத்து எருமையும் ஆடும் என்ற ரீதியில் கிழித்துத் தொங்கவிட்டார். ஒரு லட்சம் வாங்கிய நட்சத்திரத்துக்கு இதைவிடக் கொடுமையான ட்ரோல் வேண்டுமா?

கல்கி சொன்னதில் நியாயம் இல்லாமலும் இல்லை. விடிய விடிய மேடையில் குரலால் ஆண்டவருக்கு, முகத்துக்கு நேரே வரும் கேமரா வேறு ஜாதி மிருகம். மேடையில் கை தூக்கினால் கடைசி வரிசைக்குத் தெரிய வேண்டும். திரையில் அதே அசைவு மிகையாகத் தெரியும். பாடகர்களை நிற்க வைத்துப் பாட்டைப் படம்பிடித்தால் போதும் என்றுதான் தயாரிப்பாளர்களும் நினைத்தார்கள். 1940-ல் 'மணிமேகலை' வந்தது. அதுவும் துறவிப் பெண் வேடம். அதற்குப் பிறகு நீண்ட இடைவெளி.

இந்த இடைவெளியில் அவர் சும்மா இருக்கவில்லை. காங்கிரஸ் பிரசாரத்துக்குப் போனார். 1951-ல் சென்னை மாகாண மேலவை உறுப்பினர் ஆனார். சினிமாக்காரர்கள் சட்டமன்றத்துக்குள் போவது தமிழ்நாட்டுக்குப் பின்னாளில் சகஜமாகிவிட்டது. அந்தக் கதவை முதலில் திறந்தவராக இவரைத்தான் சொல்கிறார்கள்.

ஔவையார்: நட்சத்திரம் நடிகரானது இங்கேதான்

ஜெமினி எஸ்.எஸ்.வாசன் 'ஔவையார்' எடுக்க முடிவு செய்தபோது, அந்த வேடத்துக்கு ஏற்கெனவே ஒரு சொந்தக்காரர் இருந்தார். டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகத்தில் ஔவையாக நடித்து, பெயரிலேயே 'அவ்வை' ஒட்டிக்கொண்ட டி.கே.சண்முகம். சென்னையில் அவர் பெயரில் சாலையே இருக்கிறது. கமல்ஹாசனின் 'அவ்வை சண்முகி' தலைப்பு எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்திருக்கும்.

ஆக, ஒரு ஆண் கூன் போட்டு, குரல் மாற்றிப் பிரமாதமாக நடித்துக் காட்டிய கிழவி வேடத்தை 44 வயது சுந்தராம்பாள் செய்ய வேண்டும். அவர் நடித்துக் காட்டவில்லை என்பதுதான் விஷயம். உடம்பை அதிகம் அசைக்கவே இல்லை. கோலை ஊன்றி நிற்கிறார், நடக்கிறார், பேசுகிறார். பேச்சு எங்கே முடிந்து பாட்டு எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியாது. மேடையில் மைக் இல்லாமல் பழகிய சொல் தெளிவு, திரையில் ஒரு குணமாக மாறியது. இளமை வேண்டாம் என்று பிள்ளையாரிடம் கேட்டு முதுமையை வாங்கிக்கொண்ட பெண்ணின் கதை அது. 25 வயதில் வெள்ளைச் சேலைக்கு மாறியவருக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்திருக்காது.

கொத்தமங்கலம் சுப்பு இயக்கிய படம் 1953 ஆகஸ்ட் 15-ல் வெளியானது. யானைக் கூட்டம் கோட்டையை இடிக்கும் காட்சிக்கே கூட்டம் திரண்டது. படம் பெரிய வெற்றி. எல்லோருக்கும் பிடித்ததா என்றால், இல்லை. அப்போது முதலமைச்சராக இருந்த ராஜாஜி படம் பார்த்துவிட்டு, சண்முகத்தின் நாடகமே மேல் என்று நாட்குறிப்பில் எழுதினார்.

இங்கே ஒரு சின்ன விளக்கம். ஔவையார் என்ற பெயரில் ஒருவருக்கு மேற்பட்டவர்கள் இருந்திருக்கிறார்கள். அதியமானைப் பாடிய சங்க கால ஔவை வேறு, ஆத்திசூடி எழுதிய பிற்கால ஔவை வேறு. பாரியின் மகள்களுக்குத் திருக்கோவிலூரில் ஔவை கல்யாணம் செய்துவைத்தார் என்பது பிற்காலக் கதை. அதே ஊர் வீரட்டேஸ்வரர் கோயிலில் உள்ள ராஜராஜ சோழன் காலக் கல்வெட்டு, பாரி மகளை மலையமானுக்குக் கொடுத்தது கபிலர் என்கிறது. சினிமா எல்லா ஔவைகளையும் ஒருத்தியாக்கியது. ஆராய்ச்சியாளர்கள் எவ்வளவு பிரித்தாலும், மக்கள் மனதில் எல்லோருக்கும் சேர்த்து ஒரே முகம்தான் நிலைத்தது. ஒரு நடிகருக்கு இதைவிடப் பெரிய வெற்றி என்ன இருக்க முடியும் என்று தெரியவில்லை.

வேடங்களின் வரிசை

நந்தனார், மணிமேகலை, ஔவையார், 'பூம்புகார்' படத்தின் கவுந்தியடிகள், காரைக்கால் அம்மையார். வரிசையைப் பார்த்தால் ஒன்று பளிச்சென்று தெரியும். யாருமே இல்லறத்துக்குள் இல்லை. ஒரு ஆண் பக்தர், ஒரு பௌத்தத் துறவி, ஒரு கிழவி, ஒரு சமணத் துறவி, பேயுருவம் கேட்டு வாங்கியவர். ஜோடி வேண்டாம் என்ற ஒரு நிபந்தனை, கதாநாயகி வாய்ப்புகள் அனைத்தையும் அடைத்துவிட்டது. மிச்சமிருந்த சந்து வழியாகப் போய், கணவனோ காதலனோ இல்லாமல் படத்தைத் தாங்கும் பெண் என்ற ஒரு இடத்தை அவர் உருவாக்கினார். அதை அவர் திட்டமிட்டுச் செய்தார் என்று சொல்ல முடியாது. ஆனால் விதவை என்றால் மூலையில் உட்கார வேண்டும் என்றிருந்த ஊரில், அதே வெள்ளைச் சேலையோடு போஸ்டரின் நடுவில் நின்றார்.

ஜப்பானில் 'ஐடல்' என்றொரு கலாச்சாரம் உண்டு. பாட்டுப் பாடிப் புகழ்பெறும் இளம் நட்சத்திரங்கள். யாரைக் காதலிக்கிறார்கள், எப்போது கல்யாணம் என்பதெல்லாம் ரசிகர்களின் விவகாரமாகிவிடும். யமகுச்சி மொமோயே 21 வயதில், திருமணத்துக்காக 1980 அக்டோபரில் மைக்கை மேடையில் வைத்துவிட்டுப் போனார், திரும்பி வரவே இல்லை. கொய்ஸுமி கியோகோ போன்றவர்கள் ஐடலாகத் தொடங்கி, வயதான பின் மரியாதைக்குரிய நடிகர்கள் ஆனார்கள். இவர்களுக்கெல்லாம் பின்னால் நிறுவனங்கள் உண்டு. சுந்தராம்பாளுக்கு அப்படி எந்த மேனேஜ்மென்ட்டும் கிடையாது.

1964-ல் 'பூம்புகார்'. வசனம் கலைஞர் கருணாநிதி. பகுத்தறிவு இயக்கத்துக்காரரின் படத்தில் முருக பக்தையான தான் நடிப்பதா என்று சுந்தராம்பாள் முதலில் தயங்கியதாகச் சொல்வார்கள். கடைசியில் நடித்தார். அரசியலில் எதிரெதிர் முகாம், திரையில் இருவருக்கும் நல்ல பெயர். அடுத்த ஆண்டு ஏ.பி.நாகராஜனின் 'திருவிளையாடல்'. மாம்பழச் சண்டையில் கோபித்துக்கொண்டு போன முருகனைச் சமாதானப்படுத்த வரும் ஔவை. அந்தப் பாட்டில் கெஞ்சலும் கண்டிப்பும் மாறி மாறி வரும். பேரனை அதட்டிக்கொண்டே தாஜா பண்ணும் கிராமத்துப் பாட்டியை யாரும் அதில் பார்த்துவிடலாம். சிவாஜி, சாவித்திரி, நாகேஷ் இருக்கும் படத்தில், கொஞ்ச நேரமே வருபவர் இன்றுவரை நினைவில் நிற்கிறார்.

1969-ல் வந்த 'துணைவன்' படத்துக்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது கிடைத்தது. பெண்களுக்கு அந்த விருது கொடுக்கத் தொடங்கிய பிறகு, பி.சுசீலாவுக்கு அடுத்து வாங்கியவர் இவர்தான். அந்தப் படத்தில் பால முருகனாக வந்த குழந்தை, பின்னாளில் இந்தியாவையே கலக்கிய ஸ்ரீதேவி. 1970-ல் பத்மஸ்ரீ. கொடுமுடியில் தன் பெயரில் ஒரு தியேட்டரும் கட்டினார்.

மொத்தமாக எண்ணினால் ஒரு டஜன் படங்கள் அளவுக்குத்தான் வரும். 1980-ல் இறந்தார். கிட்டப்பா போன பிறகு அவர் வாழ்ந்தது 46 வருடங்களுக்கு மேல். சேர்ந்து வாழ்ந்தது ஆறு வருடம்கூட முழுசாக இருக்காது.